10 லிட்டர் பெட்டி, 33 டிகிரி அறை: திருகோணமலை வெக்கையில் சின்ன கேமிங் பிசியைச் செட் பண்ணுவது

யூடியூபில் 10 லிட்டர் கேசிங்குக்குள் ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்ட் (நாம் விஜிஏ என்பது) போட்டு, ஒரு மணித்தியாலம் கேம் ஓட்டி, "விஜிஏ 68 டிகிரிதான்" என்று காட்டுகிறவரின் அறையில் அநேகமாக 21 டிகிரி இருக்கும். இங்கே மே தொடங்கி ஆகஸ்ட் வரை பகலில் 34, 35 என்று நிற்கிறது, கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று வீசுகிற நாளில் யன்னலைத் திறந்தாலும் உள்ளே வருவது வெக்கைதான். காற்றால் குளிர்கிற எந்த ஹீட்சிங்கும் (சிப்பின் சூட்டை இழுத்துவிடுகிற உலோகத் தகடுகள்) அறையின் சூட்டுக்கு மேலே இத்தனை டிகிரி என்றுதான் நிற்கும். அறை 12 டிகிரி கூடினால் அதுவும் ஏறக்குறைய 12 கூடும். ஆகவே அவருடைய 68 நமக்கு 80.

இதைத் தெரிந்துகொண்டால் எதில் தொடங்குவது என்ற குழப்பம் போய்விடும். புதிதாகச் சின்ன பிசி எடுத்தவர்கள் முதலில் ஓடிப்போய் வாங்குவது ஃபேன். என்னைக் கேட்டால் ஃபேன் நான்காவதோ ஐந்தாவதோதான். உள்ளே பிறக்கிற சூட்டைக் குறைப்பதுதான் முதல் வேலை, அதற்கு பயாஸும் (விண்டோஸுக்கு முன்னர் திறக்கிற மதர்போர்டின் செட்டிங் பக்கம்) இரண்டு மூன்று இலவச மென்பொருளும் போதும், ஐந்து சதம் செலவில்லை. கத்தி, போம் (நுரைத் தகடு), தெர்மல் பேஸ்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

நான் இங்கே சொல்வது 170க்கு 170 மி.மீ. மினி ஐடிஎக்ஸ் மதர்போர்ட், எஸ்எஃப்எக்ஸ் என்கிற சின்ன அளவுப் பவர் சப்ளை, உயரம் குறைந்த கூலர், தோளில் மாட்டுகிற பையில் போகிற அளவுக் கேசிங் உள்ள செட்டப்புக்கு. கூலர் மாஸ்டர் என்ஆர்200 மாதிரி 18 லிட்டர் பெட்டி என்றால் உங்களுக்குப் பாதிக் கஷ்டம்தான், ஆனாலும் வரிசை இதேதான்.

முதலில் அளந்து எழுதுங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு சென்சர் பக்கத்தைத் திறந்து வையுங்கள். நீங்கள் வழமையாக ஆடுகிற, விஜிஏயைப் பிழிகிற ஒரு கேமை அரை மணித்தியாலம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் போதாது, சின்னப் பெட்டியில் அலுமினியத் தகடும் எஸ்எஸ்டியும் மெதுவாகத்தான் சூடேறும், உண்மையான நம்பர் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தெரியும். ப்ரோசெசர் சூடு, அது இழுக்கிற வாட், விஜிஏ சூடு, ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) காட்டுகிற கார்ட் என்றால் அதுவும், ஃபேன் வேகம், எஸ்எஸ்டி சூடு. இவற்றோடு அறையின் சூட்டையும் கட்டாயம் எழுதுங்கள். மலிவான டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று மேசையில் இருந்தால் போதும், ஆனால் பிசி ஊதுகிற சூட்டில் வைக்காதீர்கள். பகல் இரண்டு மணிக்கு அளந்து பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு 27 டிகிரியில் எடுத்த நம்பரை வைத்து எல்லாம் சரி என்று முடிவெடுத்தால் சனிக்கிழமை மத்தியானம் பிசி கத்தும்போதுதான் விளங்கும்.

இனி மாற்றுவதை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது, எது குழப்பியது என்று யாராலும் சொல்ல முடியாது.

ப்ரோசெசர்

ரைசன் 5 7600ஐ 65 வாட் என்று விற்றாலும் சாக்கெட்டில் 88 வாட் வரை இழுக்கும். 7800எக்ஸ்3டிக்கு அந்த எல்லை 162, ஆனால் கேமில் அது அவ்வளவு தூரம் போவதில்லை. இன்டெல் ஐ5-12400எஃப் தொடர்ந்து 65, கொஞ்ச நேரத்துக்கு 117. இதில் சில மதர்போர்ட்கள் எல்லையையே எடுத்துவிட்டு வருகின்றன, ஆகவே பயாஸுக்குள் போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 37 மி.மீ. கூலருக்கு நம் வெக்கையில் 65 வாட்டே தாராளம். ஏஎம்டி என்றால் பயாஸின் பிபிஓ பகுதியில் பிபிடி எல்லையை (சாக்கெட்டில் இழுக்கிற மொத்த வாட்) கையால் 65 ஆக்குங்கள், இன்டெல் என்றால் பிஎல்1 (தொடர்ந்து இழுக்கிற எல்லை), பிஎல்2 (கொஞ்ச நேரத்துக்கான எல்லை) இரண்டையும் 65. கேமில் வித்தியாசம் தெரிவது கஷ்டம், ஏனென்றால் கேம் எல்லாக் கோரையும் ஒரேயடியாகப் பிழிவதில்லை. வீடியோ எடிட் பண்ணுகிறவருக்குத் தெரியும், அவர் 75, 80 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏஎம்டிகாரருக்கு இன்னொரு வழியும் உண்டு: கோர்களுக்குப் போகிற வோல்டேஜைக் குறைக்கிற கர்வ் ஆப்டிமைசர். ஆல் கோர், நெகட்டிவ், 10 என்று தொடங்கி, ஒரு வாரம் பாவித்து, பிறகு 15, 20. எடுத்த எடுப்பில் 30 போட்டு, சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் ஓடிவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டாம். இது கழுத்தறுப்பது ஃபுல் லோடில் அல்ல, ஒரு கோர் மட்டும் திடீரென்று உச்ச வேகத்துக்கு ஏறுகிற நேரத்தில், அதாவது சும்மா பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். கோர்சைக்ளர் என்ற இலவச ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கோராகச் சோதிக்கும், இரவில் ஓடவிட்டுப் படுக்கலாம்.

டிடிஆர்5 ரேமுக்கு எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடுகிற பயாஸ் செட்டிங்) போட்ட பிறகு முதல் தடவை ஸ்கிரீன் சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். அது ரேமைப் பழக்குகிற நேரம், பதறி சுவிட்சை நிறுத்தாதீர்கள். எஸ்ஓசி வோல்டேஜ் (ப்ரோசெசருக்குள் ரேமைக் கையாளுகிற பகுதிக்குப் போவது) 1.3 வோல்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2023இல் எக்ஸ்3டி ப்ரோசெசர்கள் கருகிய கதைக்குப் பிறகு புதிய பயாஸ்கள் அந்த எல்லையைத் தாமே வைத்திருக்கின்றன, பழைய பயாஸ் என்றால் முதலில் அப்டேட். சீமோஸ் கிளியர் பண்ணுகிற, அதாவது பயாஸ் செட்டிங்கை அழித்துப் பழையபடி ஆக்குகிற பின் எங்கே இருக்கிறது என்று கேசிங்கை மூட முன்னர் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்தால் பிறகு எல்லாவற்றையும் கழற்றித் தேட வேண்டிவராது.

விஜிஏ: இங்கேதான் லாபம்

பெட்டிக்குள் பெரும்பாலான சூடு இதிலிருந்துதான், ஆகவே நேரத்தையும் இதில் செலவழியுங்கள். சோம்பேறி வழி ஒன்று: ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட்டை 80க்கு இழுத்து டிக் அழுத்துவது. 200 வாட் 4070 அத்தோடு 160 வாட் கார்ட். ஃப்ரேம் குறைவது ஒற்றை இலக்க விழுக்காட்டுக்குள் முடிந்துவிடும். இதோடு நிறுத்தினாலும் பிழையில்லை.

நல்ல வழி அண்டர்வோல்ட். அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் ஓடச் சொல்வது, வாட் குறையும், ஃப்ரேம் அப்படியே நிற்கும். ஆஃப்டர்பர்னரைத் திறந்து கண்ட்ரோல் + எஃப் அழுத்தினால் ஒரு கிராஃப் வரும், அடியில் மில்லிவோல்ட், பக்கத்தில் மெகாஹெர்ட்ஸ், நடுவில் புள்ளி புள்ளியாக ஏறுகிற ஒரு கோடு. முதலில் பிரதான பக்கத்தில் கோர் கிளாக்கை மைனஸ் 300க்குக் கொண்டுபோய் டிக் அழுத்துங்கள், கோடு முழுக்கக் கீழே இறங்கும். இப்போது கிராஃபில் 950 மில்லிவோல்டுக்கு நேரே உள்ள புள்ளியை மட்டும் பிடித்து 2600 வரை மேலே இழுத்து, மறுபடி டிக். அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் இருக்கிற எல்லாம் படுத்து நேர்கோடாகிவிடும். கார்ட் இனி அதற்கு மேல் வோல்டேஜ் கேட்காது. இந்த நம்பர் 40 வரிசைக்குத் தொடக்கம். 30 வரிசை என்றால் 850 மில்லிவோல்ட், 1800 மெகாஹெர்ட்ஸ் என்று தொடங்குங்கள். ஏஎம்டி கார்டுக்கு இத்தனை கூத்து இல்லை, ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளிலேயே வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம்.

கேம் டெஸ்க்டாப்புக்குத் தூக்கி எறிந்தால், அல்லது ஸ்கிரீன் ஒருமுறை கறுத்துத் திரும்பினால், 2600ஐ 2550 ஆக்குங்கள். ஒரே கேமில் சோதித்தால் போதாது, ரே ட்ரேசிங் உள்ள ஒன்றையும் ஓட்டுங்கள், மற்றதில் ஒன்றும் இல்லாமல் ஓடுகிற செட்டிங் அங்கே விழும். பல நாள் பிரச்சினை இல்லாமல் ஓடிய பிறகுதான் விண்டோஸ் தொடங்கும்போதே அதை ஏற்றச் சொல்லிக் குறியுங்கள்.

அடுத்து ஃப்ரேம் கேப், அதாவது வினாடிக்கு இத்தனை ஃப்ரேமுக்கு மேல் வேண்டாம் என்று வைக்கிற எல்லை. கனபேர் இதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் மொனிட்டர் 75 ஹெர்ட்ஸ் என்றால் 140 ஃப்ரேம் அடிப்பது அறையைச் சூடாக்க மட்டும்தான்.

ஃபேன் எப்போது எவ்வளவு சுற்றும்

சின்ன ஹீட்சிங்கில் சூடு ஒரு வினாடியில் 15 டிகிரி பாய்ந்து ஏறி அடுத்த வினாடி இறங்கும், அதைத் துரத்திக்கொண்டு ஃபேனும் வீல் வீல் என்று கத்தி அடங்கும். காதுக்கு எரிச்சல் தருவது வேகத்தைவிட இந்த ஏற்ற இறக்கம்தான். பயாஸிலோ ஃபேன் கண்ட்ரோல் மென்பொருளிலோ ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சில வினாடித் தாமதம் வையுங்கள். கேஸ் ஃபேனை ப்ரோசெசர், விஜிஏ இரண்டில் எது சூடோ அதைப் பின்பற்றச் சொல்லுங்கள், வெறும் ப்ரோசெசரை மட்டும் பார்க்கிற கேஸ் ஃபேன் கேமில் தூங்கிக்கொண்டிருக்கும்.

விஜிஏ ஃபேன் சும்மா இருக்கும்போது நின்றுவிடுகிற மோட் நம் ஊருக்குச் சரிவராது. அறை 33 டிகிரி என்றால் கார்ட் சும்மா இருந்தே 50ஐத் தொடும், ஃபேன் தொடங்கும், 45க்கு வந்ததும் நிற்கும், மறுபடி தொடங்கும். அதை நிறுத்தி 30 விழுக்காட்டில் எப்போதும் சுற்ற விடுங்கள், அந்த மெல்லிய சத்தம் சீலிங் ஃபேனுக்குள் அமுங்கிவிடும்.

இனிக் கத்தியை எடுக்கலாம்

கேசிங்கில் செய்கிற மாற்றங்களில் புதியவருக்கு நான் சிபாரிசு பண்ணுவது ஒன்றே ஒன்று: போம் ஷீட். கூலர் ஃபேனுக்கும் பக்கத் தகட்டில் இருக்கிற ஓட்டைகளுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தால், ஃபேன் வெளிக்காற்றை இழுக்காமல் தான் ஊதிய சூட்டையே சுற்றிச் சுற்றி இழுக்கும். போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி. அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் ஃபேனுக்கு வெளிக்காற்று மட்டும்தான்.

புத்தகக் கடைகளில் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கிற போம் ஷீட் போதும், கறுப்பு நிறத்தில் 5 மி.மீ. கிடைத்தால் நல்லது. மட்டை ஒன்றில் ஃபேனின் வெளிச்சட்டத்தை வரைந்து முதலில் அச்சு வெட்டுங்கள். சட்டத்தின் மேலே மட்டும் உட்காருகிற அளவில் 8 மி.மீ. அகலச் சதுர வளையமாக போமை வெட்டி, இடைவெளிக்கு ஏற்றபடி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள், கடைசி அடுக்கு தகட்டில் மெல்ல அமுங்க வேண்டும், அவ்வளவுதான். தடிப்பாக ஒட்டித் தகட்டை அழுத்தி மூடினால் கூலரையும் சேர்த்து அழுத்துகிறீர்கள். இரட்டைப் பக்க டேப் சூட்டில் உருகிச் சறுக்கும், ஆகவே மூலைகளில் நாலு துளி ரப்பர் பசை. மூட முன்னர் ஃபேன் இதழ் எங்கேயும் உரசுகிறதா என்று விரலால் சுற்றிப் பாருங்கள். செய்து முடித்ததும் பழைய கேமை ஓட்டி அளந்தால், சூடு இறங்கியதோடு ஊளைச் சத்தமும் குறைந்திருக்கும், ஓட்டைத் தகட்டுக்குப் பக்கத்தில் காற்று சுழல்வதால் வருகிற சத்தம் அது.

விஜிஏயின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி 15 மி.மீ. மெல்லிய 120 மி.மீ. ஃபேன் இரண்டைக் கட்டுகிற வேலையும் இருக்கிறது. பலன் நல்லதுதான், ஆனால் வாரன்டி போகும். கொழும்பில் வாங்கிய கார்டை வாரன்டிக்குக் கொண்டுபோய்த் திரும்ப ஏறக்குறைய 500 கிலோமீட்டர் பஸ்ஸில் இருக்க வேண்டிய நமக்கு, அந்தக் காலம் முடியும்வரை கைவைக்காமல் இருப்பது உத்தமம்.

சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசுகிற தெர்மல் பேஸ்ட் பற்றி ஒரே வார்த்தை: ஹாட்ஸ்பாட் சாதாரணச் சூட்டைவிட 25 டிகிரிக்கு மேல் தள்ளி நிற்கிற பழைய விஜிஏயில் பேஸ்ட் வெளியே பிதுங்கிப் போயிருக்கும். அங்கே திரும்பவும் பேஸ்ட் போடாமல் ஹனிவெல் பிடிஎம்7950 என்கிற தகடு போடலாம். அது 45 டிகிரி அளவில் இளகிப் பரவும், பேஸ்ட் மாதிரி இடம்பெயராது. ஒட்ட முன்னர் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால்தான் மேலுள்ள பிளாஸ்டிக் வடிவாக உரியும்.

வயரும் ரைசரும்

வயர் விஷயத்தில் ஒரு பேச்சுக்கும் இடமில்லை. ஒரு பவர் சப்ளையின் மொடியூலர் (கழற்றி மாட்டுகிற) வயரை இன்னொரு பவர் சப்ளையில் குத்தாதீர்கள், ஒரே கம்பனியாக இருந்தாலும். தலை பொருந்தும், உள்ளே 12 வோல்ட் போகிற கம்பியின் இடம் வேறாக இருக்கலாம், எஸ்எஸ்டியும் போர்டும் அந்தக் கணமே போய்விடும். விஜிஏயின் 16 பின் வயர் தலையிலிருந்து 35 மி.மீ. வரை நேராகப் போன பிறகுதான் வளைய வேண்டும், "டக்" என்று முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். பக்கத் தகடு அதை அழுத்துகிறது என்றால் அந்தக் கேசிங்குக்கு அந்தக் கார்ட் பொருந்தாது, அவ்வளவுதான்.

ரைசர் கேபிள் (விஜிஏயை போர்டோடு இணைக்கிற நீட்டிப்பு வயர்) உள்ள கேசிங்கில் படமே வராவிட்டால், அல்லது கேம் நடுவே காரணமில்லாமல் விழுந்தால், விஜிஏயைக் குறை சொல்ல முன்னர் பயாஸில் பிசிஐஇ ஸ்லொட்டை (விஜிஏ குத்துகிற இடம்) ஒரு தலைமுறை பழைய ஜென் 3 வேகத்துக்கு மாற்றிப் பாருங்கள். மலிவான ரைசர்கள் ஜென் 4 வேகத்தைத் தாங்குவதில்லை. 4070க்கு ஜென் 3இல் போகிற இழப்பு கண்ணுக்குத் தெரியாது.

உப்பும் ஈரமும்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கமோ டச்சு பே ஓரமோ இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, யன்னல் கொளுக்கியே ஒரு வருடத்தில் துருப்பிடிக்கும். உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கச்சான் காலத்தில் போர்டில் படிகிற தூசியும் உப்பும் காய்ந்து கிடக்கும்வரை பெரிய தொந்தரவில்லை, மாரி தொடங்கியதும் அதே படலம் ஈரமாகி மின்சாரம் கடத்த ஆரம்பிக்கும். ஆகவே வருடத்தில் ஒருமுறைதான் திறந்து துப்புரவு செய்வீர்கள் என்றால் அது செப்டெம்பரில் இருக்கட்டும், வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர். புளோவர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மாரியில் பிசியைக் கிழமைக்கணக்காக மூடி வைப்பதைவிட நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடவிடுவது நல்லது, உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது. நீங்கள் வெளியூர் போனால் கெட்டியான பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி அலுமாரியில் வையுங்கள், பல்லியும் எறும்பும் பவர் சப்ளைக்குள் குடியேறாமல் இருக்கவும் அது உதவும்.

தூக்கிக்கொண்டு போகும்போது

இரவு ஏசி பஸ்ஸில் கொழும்பிலிருந்து வருகிறீர்கள் என்று வைப்போம். பிசி 20 டிகிரிக்கு வந்திருக்கும். விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அந்தக் குளிர்ந்த உலோகத்தில் ஈரக்காற்று பட்டு நீர் துளிர்க்கும், சோடாப் போத்தலில் பார்ப்பதுதான், உள்ளே போர்டிலும் அதே. இங்கே காற்றின் பனிநிலை பெரும்பாலும் 24, 25 டிகிரி, அதற்குக் கீழே குளிர்ந்த எதிலும் நீர் படியும். வழி சுலபம்: பஸ்ஸில் ஏற முன்னரே பிசியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி விடுங்கள், வீட்டுக்கு வந்தும் பையை அவிழ்க்காமல் ஒரு மணித்தியாலம் அப்படியே இருக்கட்டும். நீர் பைக்கு வெளியே படியும். பிசி அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து பூட்டுங்கள்.

பஸ்ஸில் மடியில் வையுங்கள், மேல் தட்டிலும் வேண்டாம், பின்னால் சாமான் பெட்டியிலும் வேண்டாம். விஜிஏ நேராக போர்டில் குத்தி நிற்கிற கேசிங் என்றால் கழற்றித் தனியாகக் கொண்டுபோங்கள், ரைசரில் நின்று திருகாணியால் இறுகிய கார்ட் என்றால் அப்படியே விடலாம்.

போன இடத்தில் பிளக்கைக் குத்த முன்னர் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் கம்பி இருக்காது. அப்போது பவர் சப்ளையின் உள்வடிகட்டியிலிருந்து கசிகிற மின்சாரம் உலோகக் கேசிங்கில் நிற்கும், வெறும் காலோடு தொட்டால் சுள்ளென்று இருக்கும். பிசி பழுது என்று நினைக்க வேண்டாம், வேறு பிளக் பாயின்ட் தேடுங்கள். யூபிஎஸ்ஸும் அப்படித்தான், சதுர அலை தருகிற மலிவான யூபிஎஸ்ஸில் சில நல்ல பவர் சப்ளைகள் கரண்ட் போன கணத்தில் நின்றுவிடும், சைன் அலை தருவது என்றால் அந்தப் பிரச்சினை இல்லை.

நண்பர் வீட்டு டிவி அநேகமாக 60 ஹெர்ட்ஸ். ஃப்ரேம் கேப்பை 60 ஆக்கி, டிவியில் கேம் மோடைப் போடுங்கள், கொன்ட்ரோலருக்கும் படத்துக்கும் நடுவே இருக்கிற இழுபறி குறையும். எச்டிஎம்ஐ வயரை விஜிஏயின் துவாரத்தில்தான் குத்த வேண்டும். மதர்போர்டில் குத்திவிட்டுப் படம் வரவில்லை என்று பெட்டியைத் திறக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.